பதினொன்றில் நின்ற விற்பனை

...பதினொன்று, நேற்றும் பதினொன்று, முந்தாநாளும் பதினொன்று, புளியங்குளத்தில் பஸ் நின்றதும் சிக்னல் வந்தது, கஜனி திரும்பவும் போனில் தன் புத்தகத்தின் விற்பனைப் பக்கத்தைத் திறந்தாள், பதினொன்றுதான், இனிப் பார்ப்பதில்லை என்று நெடுங்கேணியில் ஏறும்போதுதானே நினைத்தாள்... ஐம்பது விற்கும் என்று எதை வைத்துச் சொன்னாள்? இதே மாதிரிப் புத்தகங்களை எழுதி இணையத்தில் விற்கிற ஒருவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், பெயர் தெரியாதவரின் முதல் புத்தகம் மூன்று மாதத்தில் இருபது போனாலே சந்தோஷப்படுங்கள் என்று, இரண்டுதரம் வாசித்தாள், ஆனால் அது மற்றவர்களுக்குச் சொன்னதுபோல இருந்தது, தன்னுடையதில் குளம் இருக்கிறது, குளத்தைக் காக்கிற பேய் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் இப்படியொன்றைக் கண்டிருக்கவே மாட்டார்கள், விழுந்தடித்து வாங்குவார்கள்... அப்படியா நினைத்தாள்? அப்படித்தான் நினைத்தாள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நடத்திப்போகிற விளையாட்டு, கம்பசில் படிக்கும்போது முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் விளையாடிப் பழகியது, அதற்கு அவள் எழுதிய புதுக் கதைக்களம், முப்பத்திரண்டு பக்கம், ஆங்கிலத்தில், அச்சில்லை, வெறும் கோப்பு. எட்டு மாத வேலை. "மூண்டு மாசத்திலை அம்பது வித்தால் ரெண்டாவதும் எழுதுறன், இல்லையெண்டால் வேலைக்குப் போறன்" என்று கணவன் சுதாகரனிடம் அவளாகவே சொன்னாள், அவன் கேட்கவுமில்லை, ஓம் என்றான், மூன்று மாதமும் முடிந்துவிட்டது, இன்று காலை அவனே சைக்கிளில் பஸ் நிலையத்துக்கு ஏற்றிவந்து விட்டான், சண்டை பிடித்திருந்தாலாவது... வவுனியாவில் ஒரு காப்புறுதிக் கந்தோர், பத்தரைக்கு நேர்முகம், ஏதோ விண்ணப்பங்களைக் கணினியில் பதிகிற வேலை, அதற்கு விரல்கள் போதும்.

"என்ன பிள்ளை, போனையே பாத்துக்கொண்டு வாறாய், ஆருக்கும் வருத்தமோ?" பக்கத்தில் சிவலட்சுமி அக்கா, அடுத்த வளவு, மடியில் உரப்பைக்குள் பழுதான தண்ணிப்பம்பின் ஒரு துண்டு, திருத்தக் கொண்டுபோகிறா. இல்லையக்கா, ஒரு புத்தகம் எழுதினனான், அது விக்கேல்லை... சொன்ன பிறகுதான், இதைச் சுதாகரனைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை என்று நினைவு வந்தது. என்ன கதை என்று அக்கா கேட்டா. அலுப்போடுதான் தொடங்கினாள், மழை விடாமல் பெய்யுதக்கா, குளக்கட்டு உடையப்போகுது, தண்ணியை வெளியிலை விடுற வான்கதவுப் பூட்டின்ரை திறப்புப் பேயிட்டை இருக்கு, விளையாடுற ஆக்கள் அதை எப்பிடியாவது வாங்கிக் கதவைத் திறக்கோணும்.

"திறந்தால்?"

"கட்டுத் தப்பும். கதை முடிஞ்சுது."

"அப்ப கீழை இருக்கிற சனம்?" அக்கா உரப்பையை இறுக்கிப் பிடித்தபடி திரும்பினா. "போனமுறை ஊர்க்குளம் திறக்கேக்கை எங்கட ரெண்டேக்கரும் தண்ணிக்குள்ளை போனது, ஒரு குஞ்சும் வந்து சொல்லேல்லை. நானெண்டால் திறப்பை வாங்கமாட்டன். கீழை ஆரின்ரை வயல் கிடக்கெண்டு முதல் அந்தப் பேயிட்டைக் கேப்பன்."

எந்தச் சனம் என்று கஜனியின் வாய்வரை வந்துவிட்டது. ஆறாம் பக்கத்து வரைபடத்தில் கட்டுக்குக் கீழே என்ன வரைந்தாள்? மரங்கள், வெறும் பச்சை மரங்கள்... மறந்துபோனாளா, அப்பாவின் வயல் அப்படியொரு கட்டுக்குக் கீழேதானே கிடந்தது, ஒரு வருடம் கதிர் முற்றிய நெல்லெல்லாம் சேற்றில் படுத்துக்கிடக்க அப்பா வரப்பில் குந்தியிருந்து எழும்பவே மாட்டேன் என்றார்... இல்லை, மறக்கவில்லை, முதலில் எழுதினாள், கட்டுக்குக் கீழே மூன்று குடும்பம், ஆட்களுக்குப் பெயர்கூட வைத்தாள், ஒரு கிழவருக்கு அப்பாவின் இருமலையும் கொடுத்திருந்தாள், பிறகுதான் வாங்குகிறவர்களுக்குப் பேய் போதும், வயலும் நட்டமும் அலுப்படிக்கும் என்று... ஒரு பின்னேரத்துக்குள் அவர்கள் இருந்த நாலு பக்கத்தையும் அழித்தாள், அழித்துவிட்டு நன்றாகத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள், இப்போது கதை இறுக்கமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள், ஒரு சொட்டு வருத்தம் இருக்கவில்லை, ஏன் இருக்கவில்லை? பஸ் ஓமந்தையைத் தாண்டியிருந்தது. "பிறகு, பேய் என்ன சொல்லும்?" என்று சிவலட்சுமி அக்கா கேட்டுக்கொண்டிருந்தா, கீழே இருந்தவர்களை அழித்த பிறகு அந்தப் பேய்க்கு என்ன தெரியும் என்று கஜனிக்குத் தெரியவில்லை.