தொடர்பில் இல்லாத நாற்பத்தொரு பேர்

பேராசிரியரின் ஆய்விலிருந்து விடுபட்டுப்போன நாற்பத்தொரு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அனைவரும் இறந்தவர்கள். நாற்காலி போதாமல் அலுவலக உதவியாளர் பக்கத்து வகுப்பறையிலிருந்து பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் புள்ளியியல் படித்து, மருத்துவர்களுக்கே கணக்குச் சொன்னவர் பேராசிரியர் ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் வேலை இருக்கிறது என்றார், அது பொய்யுமில்லை. அறுநூறு இதய நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பழைய மாத்திரையும் பாதிப் பேருக்குப் புதியதும் கொடுத்து எட்டு ஆண்டுகள் கவனித்து, புதியதே நல்லது என்று அவர் எழுதிய கட்டுரையால்தான் எங்கள் பெயர் வெளியே தெரிந்தது. களப்பணியாளர்கள் மூன்று முறை தட்டியும் கதவு திறக்காவிட்டால் ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதி, அந்த ஆளை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வீடு மாறியிருப்பார்கள் என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டார். வந்து உட்கார்ந்தவர்களில் முப்பத்தெட்டு பேர் புது மாத்திரை சாப்பிட்டவர்கள்.

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. தினமும் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான தையல்காரம்மா மட்டும் ஒருநாள், “நான் வீடு மாறலைங்க ஐயா. உள்ளதான் கிடந்தேன். எழுந்து வந்து திறக்க முடியல,” என்றார்.

அன்றே பேராசிரியர் நாற்பத்தொரு பேரையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டார். புது மாத்திரை ஆளைக் கொல்கிறது என்று வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகத் தன் அண்ணனிடம் சொன்னார்.

“சொன்னதை மாத்திப் பேசின ஆள் நம்ம வீட்ல கிடையாதுடா. நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நாற்பத்தொரு பேர் என்ன நினைக்கிறாங்கன்னுதான் எனக்குக் கவலைண்ணே.”

“செத்தவங்களா வந்து சாட்சி சொல்லப்போறாங்க?”

“நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வாங்க, காட்டறேன்.”

அண்ணன் போகவில்லை.

கட்டுரை போயிற்று, மாத்திரையும் கடைகளிலிருந்து போயிற்று. கொடுத்த விருதைத் திருப்பிக் கேட்டார்கள். சக பேராசிரியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசை பார்த்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் அவர் தன் அறையிலேயே சாப்பிட்டார். நாற்பத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பசி கிடையாது.

ஓய்வுபெற்ற நாளில் துறையிலிருந்து ஒருவரும் விடைகொடுக்க வரவில்லை. அண்ணன் வந்தார். புத்தகப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்றுதான் வந்ததாக இன்றும் சொல்கிறார். பேராசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இத்தனை பேர் எழுந்து நின்றதில்லை. அண்ணன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர்களோடு வரிசையில் போய் நின்றார். தையல்காரம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.