இடது பக்கத்துக் குரல்

பழனாத்தாள் இறந்து பதினெட்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காரின் இடது இருக்கையிலிருந்து, "ஏனுங்க, லெப்டுல சைக்கிள் வருதுங்க" என்றாள். சைக்கிள் வந்துகொண்டுதான் இருந்தது. செங்கோடன் ஒதுங்கி வழிவிட்டார். இது நடந்தது இரண்டாயிரத்து இருபத்தொன்று மாசி மாதம். கிணத்துக்கடவில் அன்று தேங்காய் விலை சற்று இறங்கியிருந்தது, வெயில் வழக்கம்போல் இருந்தது.

செங்கோடனுக்கு அப்போது எழுபத்தாறு வயது. நாற்பத்தைந்து வருடமாக ஓட்டுகிறேன், வண்டியில் ஒரு கீறல் இல்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். கீறல் இல்லாததற்குப் பாதிக் காரணம் அவர் இல்லை. நாலு வருடம் முன்பே கண் டாக்டர் சொல்லிவிட்டார்: கண்ணில் அழுத்தம் கூடி இடது ஓரத்துப் பார்வை போய்விட்டது, சொட்டு மருந்து மிச்சத்தைத்தான் காப்பாற்றும், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. இதை அவர் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அன்று திரும்பும் வழியிலும் ஓட்டியது அவர்தான்; பழனாத்தாள் இடது சீட்டில் இருந்தாள். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும், "ஏனுங்க, லெப்டுல டெம்போ" என்றாள். அவ்வளவுதான், ஏற்பாடு ஆகிவிட்டது. வலது பக்கத்துக்கு அவர் கண், இடது பக்கத்துக்கு அவள் வாய். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் இரண்டு பேரும் ஒரே டிரைவராகப் போய்வந்தார்கள். அடுத்தவர் வண்டிக்காக வாசலில் காத்து நிற்பதென்றால் செங்கோடனுக்குச் சோற்றுக்குக் கை நீட்டுவதற்குச் சமம்.

அடுத்த தெருவில் குடியிருந்த மகள் சண்முகப்பிரியா, அம்மாவின் பீரோவை ஒழித்தபோது புடவைகளுக்கு அடியில் அந்த டாக்டர் சீட்டைக் கண்டுபிடித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பியபோது, போய்வந்ததும் சாவியை வாங்கிவிடுவது என்று முடிவுகட்டிப் பின் சீட்டில் ஏறினாள். இடது சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பெல்ட் மாட்டச் சொல்லி வண்டி கத்தியது. செங்கோடன் எக்கிக் காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினார், சத்தம் நின்றது. மலுமிச்சம்பட்டி வரும்போது அம்மாவின் குரல், "பைக்குங்க, பாத்துங்க" என்றது. சண்முகப்பிரியா சாவியைக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் கேட்கவில்லை. வாரா வாரம் பின் சீட்டில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டபடி வந்தாள். அது தப்புத்தான். ஆனால் பெற்றவள் பேசிக்கொண்டிருக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லும் பிள்ளை எங்கே இருக்கிறது? உக்கடத்து மெக்கானிக் அமீர் ஹம்சா மட்டும் ஒருமுறை ஸ்பீக்கரை எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, இது ரிப்பேர் இல்லீங்கண்ணா என்று சொல்லித் திரும்ப மாட்டிக்கொடுத்தார்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு குரல் காலத்தில் பின்னால் போகத் தொடங்கியது. முதலில், எடுத்துவிட்ட வேகத்தடைக்கு மெதுவாகப் போகச் சொன்னாள். அப்புறம், சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய புளியமரங்கள் அவளுக்கு மறுபடி நின்றன. கிளை தாழ இருக்குது, ஒதுங்கிப் போங்க என்றாள். ஒரு வாரம் மாட்டுவண்டி வந்தது. செங்கோடன் அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். சண்முகப்பிரியா இது ஆபத்து என்று வாயெடுப்பாள்; அதற்குள் அம்மா அடுத்ததைச் சொல்லிவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கிணத்துக்கடவு மேம்பாலம் இறங்கும் இடத்தில், பழனாத்தாள் இளம்பெண்ணின் குரலில் தாழ்வாகச் சொன்னாள்: "ஏனுங்க, பாப்பா மடியில தூங்கறா. ஓரமா நிறுத்துங்க, கொஞ்ச நேரம் தூங்கட்டும்." பாப்பா நாற்பத்திரண்டு வயதில், பின் சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். செங்கோடன் இடது பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் வந்த இளவேனில் என்ற கல்லூரிப் பெண் அவர் கண்ணுக்கும் தெரியவில்லை, பழனாத்தாளின் வருடத்திலும் இல்லை.

காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நடந்துவிடுவாள், ஆறு மாதமாகும் என்றார்கள். செங்கோடன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தலை குனிந்து நின்றார். திட்டுவதற்கென்று வந்த அவள் அப்பா கூட அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். இளவேனில்தான் கேட்டாள்: "நீங்க என்னையப் பாக்குலீங்களா தாத்தா?"

"பாக்குல கண்ணு. கேட்டுட்டு இருந்தேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சண்முகப்பிரியா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

மறுநாள் காலை அவர் காரை ரோட்டுக்கு எடுக்கவில்லை. தன் தென்னந்தோப்புக்குள், கேட்டிலிருந்து தேங்காய்க் களம் வரைக்கும், ஆள் நடமாட்டமில்லாத இருநூறு அடி மட்டும் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். இனி ஓட்டப்போவதில்லை என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சொன்னார். குரல் இதற்குள் இன்னும் தூரம் போயிருந்தது. அவர் ஓட்டக் கற்றுக்கொண்டு அவளை முதன்முதலாக ஏற்றிய நாளுக்கே போயிருந்தது. "எனக்குப் பயமில்லீங்க," என்றாள் பழனாத்தாள். "நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க." களத்தில் வண்டியை அணைத்துவிட்டு, சாவி கையில் சூடாறும் வரை உட்கார்ந்திருந்தார்.

சாவியை மகளிடம் கொடுத்தார். நானே ஓட்டிக் கூட்டிப்போகிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் அவர் இடது சீட்டில் உட்கார வேண்டும். பின் சீட்டில் உட்காருங்கள் என்றாள். முன்னால் அவளை விட்டுவிட்டு நான் பின்னால் போவதா என்றார். "அது உங்கம்மா எடம், அம்மணி. நான் பஸ்ல போய்க்குவேன்." சண்முகப்பிரியா காரைத் தனியே ஓட்டிக்கொண்டு போனாள். பிரதான சாலை வந்ததும், "அம்மா, லெப்டுல ஏதாச்சும் வருதா?" என்று கேட்டாள். பதில் இல்லை. மகளுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஒரு மாதத்தில் கார் அன்னூர்ப் பக்கம் யாருக்கோ கைமாறியது.

சாவியைக் கொடுத்த அடுத்த வெள்ளிக்கிழமை செங்கோடன் ஊன்றுகோலோடு ஸ்டாப்புக்கு நடந்தார். டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். இடது வரிசையில், பெண்கள் பக்கம், ஒரே ஒரு இரட்டை சீட் மட்டும் காலியாக இருந்தது. அவர் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்த ஓரத்தில் உட்கார்ந்தார். நின்றிருந்த பெண்கள் யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை, ஜன்னலோரத்தில் உட்காரவும் இல்லை. குரல் வரும் என்று ஒத்தக்கால்மண்டபம் வரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. நாலு பேர் முன்னால் புருஷனிடம் பேசுகிற வழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

கண்டக்டர் வந்தார். ஜன்னலோரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ரெண்டு பேருங்களா?"

"ஆமாங்க. ஈச்சனாரி."

கண்டக்டர் அவருக்கு ஒரு டிக்கெட்டும், பெண்களுக்கான கட்டணமில்லா டிக்கெட் ஒன்றும் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். அந்தத் திட்டம் பழனாத்தாள் இறந்த நாலாம் மாதம்தான் வந்தது. அதில் அவள் பயணம் போனது அதுவே முதல்முறை. செங்கோடன் இரண்டு டிக்கெட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.