புரட்டிப் போட்ட கடைசி ஷாட்

நான்கு பேய்க்கதைகள், நான்கு டைரக்டர்கள், ஒரே படம். படம் நீளம் என்று தயாரிப்பாளர் ஷிகானாய் அலுத்துக்கொண்டிருந்தார். கியோத்தோ ஸ்டுடியோவில் தியேட்டர்காரர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, ஒரு கதையைத் தூக்கிவிடப் போகிறாராம். நான்காவது கதை என்னுடையது. அதுதான் என் முதல் படம். அது போனால் பழையபடி கிளாப் அடிக்கத்தான் போகவேண்டும்.

மனைவியைக் கொன்றவனிடம் அவள் ஆவி வருகிறது. விடிந்ததும் போய்விடுகிறது. அவன் நிம்மதியாகத் தேநீர் குடிக்கிறான். இதுதான் கதை. அந்தத் தேநீர் ஷாட்டில் அவன் ஆவி போன பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்த மேதை நான்தான். செட்டையும் பிரித்தாகிவிட்டது.

"ஃபிலிமைப் புரட்டிப் போடுங்கக்கா, திசை சரியாயிடும்" என்றேன், எடிட்டர் ஹொரிபே அக்காவிடம்.

"புரட்டினா எல்லாமே இடம்வலமா மாறுமே தம்பி. நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்க்கா. எழுத்தோ கடிகாரமோ எதுவும் ஃபிரேம்ல இல்ல."

காட்சி நாளில் முதல் மூன்று கதைகளுக்கும் தியேட்டர்காரர்கள் அலறினார்கள். என் ஆவி வந்தபோது ஒருவர் அரிசி முறுக்கை நொறுக்கினார். மிதந்து வரவேண்டியவள், காலில் முள் குத்தியவள்போல் நொண்டி வந்தாள். எனக்கே கொட்டாவி வந்தது.

கடைசியில் தேநீர் ஷாட். "ஐயையோ!" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்தேவிட்டார்.

ஷிகானாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாவி! கிமோனோல வலது பக்கத்தை மேல போட்டு மடிச்சிருக்கியே! பொணத்துக்குத்தானே அப்படிக் கட்டுவோம்? அப்ப இவனும் எப்பவோ செத்துட்டானா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இடது பக்கம் மேலே வைத்து ஒழுங்காகத்தான் கட்டியிருந்தோம். புரட்டியதில் ஆளே பிணமாகிவிட்டான்.

"கவனிச்சுட்டீங்களா சார்?" என்றேன் அடக்கமாக. பின்னால் ஹொரிபே அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது.

"எப்பய்யா தோணிச்சு இது?"

"ஆரம்பத்துலேருந்தே, சார்."

"இந்த ஷாட்டை விடவே கூடாது. மூணாவது கதை, நாகசே எடுத்தது, சப்புன்னு முடியுது. அதுலயும் புருஷன் இதே நடிகர்தானே? அங்க ஒட்டிடலாம்."

"சார், என் கதை?"

"அது எதுக்கு? இப்படி ஒரு ஷாட்டை யோசிச்சவனுக்கு, முன்னால இருக்கிறதெல்லாம் குப்பைன்னு தெரியாமலா இருக்கும்?"

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு ஷாட்டும் என்னுடையதில்லை என்றாகிவிடும்.

"நானும் அதையேதான் நினைச்சேன் சார்" என்றேன்.