நாலு விரல் உயரத்தில் ரொமி

அச்சுவேலியில் கீர்த்திகா மயிர் கத்தரித்துவிட்ட நாய்கள் நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் நடந்தன. மயிர் பழையபடி வளர ஆறு கிழமை பிடிக்கும். அதுவரை கால் நிலத்தில் படாது. மாரியில் சேறு ஒட்டாமல் வீட்டுக்குள் வருவதால் வளர்த்தவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்தெல்லாம் ஓட்டோவில் நாய்களைக் கொண்டுவந்தார்கள்.

அவளுடைய அண்ணன் கோகுலனுக்கு நாய்கள் மிதப்பது ஒரு பொருட்டில்லை. தோட்டக்காரக் குடும்பத்துப் பெண் கத்தரிக்கோல் பிடித்து மயிர் வெட்டுவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. சாதியைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. ஒரு கலியாண வீட்டில் அவள் சோறு பரிமாறியபோது இரண்டு பேர் பந்தியிலிருந்து எழும்பிப் போனார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு வருடம் கோகுலன் தங்கையோடு கதைக்கவில்லை. சொல்ல வேண்டியதை அம்மா மூலம் சொல்லியனுப்பினான். வீட்டில் அவன் வாய்விட்டுக் கதைத்தது ரொமியோடு மட்டும். அது கீர்த்திகா வளர்த்த வெள்ளைப் பொமேரியன். ஆனால் காலையில் அவன் பின்னால்தான் தோட்டத்துக்குப் போகும்.

யாழ்ப்பாணத்தில் நாய் அழகுபடுத்தும் போட்டி முதன்முதல் நடந்தபோது கீர்த்திகா ரொமியுடன் போனாள். பாதி வெட்டும்போதே அது மேசையை விட்டு எழும்பிவிட்டது. வெட்டி முடியும்வரை நாலு காலும் மேசையில் இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி நடுவர்கள் அவளை விலக்கினார்கள். மிதந்ததைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் தை தொடக்கம் ரொமியை மேசையில் நிறுத்தி வைக்கப் பழகினாள். வயிற்றில் மணல் பை கட்டினால் ரொமி படுத்துவிட்டது. கழுத்தில் கட்டினால் பின்கால்கள் மேலே போயின. அம்மா பிடித்தால் திமிறியது. உதவிக்கு ஒருவர் நாயைப் பிடிக்கலாம் என்று விதியில் இருந்ததால், போட்டிக்கு முதல் நாள் அவளே வெங்காயத் தோட்டத்துக்குப் போனாள்.

"அண்ணை, நாளைக்கு ரொமியைப் பிடிச்சுக்கொண்டு நிக்க நீங்கள் வேணும்."

கோகுலன் வாய்க்காலை வெட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பாத்திக்கு மாறிவிட்டு, பக்கத்தில் நின்ற ரொமியைப் பார்த்துச் சொன்னான்: "எத்தினை மணிக்காம் எண்டு கேள்."

மறுநாள் மண்டபத்தில் ஊர்ச்சனமும் இருந்தது. கோகுலன் இரண்டு மணித்தியாலம் ரொமியின் முதுகை உள்ளங்கைகளால் அழுத்திக்கொண்டு நின்றான். வெட்டிய மயிர் அவனுடைய கைகளிலும் சட்டையிலும் விழுந்தது. அவன் தட்டவில்லை. கீர்த்திகா கத்தரிக்கோலை வைத்ததும் கொழும்பிலிருந்து வந்த பெண் நடுவர், கையை எடுத்தால் முதுகைப் பார்க்கலாம் என்றார். கோகுலன் தங்கையைப் பார்த்தான்.

"விடுங்கோ அண்ணை," என்றாள்.

ரொமி நாலு விரல் எழும்பி நின்றது. நடுவர் குனிந்து, அதுவரை எந்த நாயிலும் சரியாகப் பார்க்க முடியாதிருந்த அடிவயிற்றையும் பாதங்களையும் பார்த்துப் புள்ளி எழுதினார். ரொமிக்கு இரண்டாமிடம். முதலிடம் குருநகர் றொகானின் பூடிலுக்குப் போனது.

பஸ்ஸில் வரும்போது கோகுலன், "அந்தப் பூடிலின்ரை காது ரெண்டும் சமனில்லை, பாத்தனியே?" என்று கேட்டான்.

"ஓம், பாத்தனான்," என்றாள் கீர்த்திகா. அச்சுவேலிச் சந்திவரை இருவரும் காதுகளைப் பற்றியே கதைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோகுலன் தோட்டத்துக் காவல் நாயைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து தங்கையின் மேசையில் ஏற்றினான். இப்போது அது முளைவிட்ட வெங்காயப் பாத்திகளுக்கு மேலால் மயில்களைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒரு வெங்காயத் தாளும் முறிவதில்லை.