மயக்கத்தில் கேட்ட அழுகை

முழு மயக்கத்தில், வாயில் குழாயும் வயிற்றில் நாலு ஓட்டையுமாகக் கிடந்தபோதே, ஆபரேஷன் அறையில் தன் மச்சான் தேம்பித் தேம்பி அழுததை இரண்டு காதாலும் கேட்டதாக அடித்துச் சொன்னார் ரிட்டயரான பஸ் டிரைவர். சிந்திய கண்ணீரில் இரண்டு நர்சுகள் வழுக்கி விழுந்தார்களாம்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" கட்டிலோரம் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "மயக்கத்துல காது எப்படிங்க கேட்கும்?"

"ஊசி உடம்புக்குத்தான். காதுக்குப் போட மறந்துட்டாங்க."

மச்சான் சாதாரண ஆளில்லை. அவளுடைய சொந்த அண்ணன், பேர்பெற்ற சர்ஜன். டிரைவரின் பித்தப்பையை எடுத்தது அவர் கை. அப்புறம் பித்தநீர்க் குழாய் சுருங்கி, தெருவிளக்கே வெட்கப்படும் மஞ்சளில் டிரைவர் மின்னியபோது, மறுபடி வயிற்றைக் கிழித்துக் குழாயைக் குடலோடு தைத்ததும் அதே கை. தைத்த இடமும் சுருங்கியது. குளிர்காய்ச்சலில் கட்டில் ஆட்டம் போட்ட ஒவ்வொரு தடவையும், "மாப்பிள்ளைக்கு நாக்கு நீளம்" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். தங்கைக்கு அதுவே வேதவாக்கு. எண்ணெயை வீட்டைவிட்டே துரத்தினாள். வெளியே போய் வந்தால், திருடனைச் சோதிப்பதுபோல அவர் விரல்களை முகர்ந்து பார்த்தாள். கத்தியைவிட அதுதான் அவருக்கு வலித்தது. தப்பு தன் வாயில் இல்லை என்று அவள் ஒரே ஒருமுறை நம்பினால் போதும்.

மூன்றாவது ஆபரேஷன் வேறொரு டாக்டரம்மா செய்தது. சின்ன ஓட்டை வழியாகக் கேமராவை விட்டு, ஒட்டிக்கிடந்த குடலைப் பொறுமையாகப் பிரித்து, பழைய தையலை வெட்டியெறிந்து, குழாயையும் குடலையும் அகலமாகச் சேர்த்தார். அதே தொழில் பார்ப்பவர் என்ற மரியாதைக்கு மச்சானையும் உள்ளே நின்று திரையில் பார்க்க விட்டார்கள். அந்த ஒரு நூலைப் பிடித்துத்தான் டிரைவர் கதை திரித்தார்.

"சரி, என்ன சொல்லி அழுதாராம்?"

"'முதல் தடவையே தப்பான குழாய்ல கிளிப் போட்டு நெரிச்சுட்டேனே'ன்னு. திரையில அந்தக் கிளிப் பளபளன்னு மின்னுச்சு. கண்ணை மூடிக்கிட்டே பார்த்தேன்."

சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று காத்திருந்தார். கரண்டி நின்றது.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"எவன் சொல்லுவான்? சும்மா அடிச்சு விட்டேன். ஏய், என்னைப் பாரு."

அவள் பார்க்கவில்லை.

"அழுதாரு," என்றாள். "வெளிய வந்து இதையேதான் எங்கிட்ட சொன்னாரு. உங்களுக்குத் தெரியவேணாம்னு கையைப் பிடிச்சுக் கேட்டாரு. நானும் சரின்னுட்டேன்."