வாய்க்கால் ஓரத்து மூன்று கிலோமீட்டர்

அணைக்கட்டுக் காவலாளி போன் செய்தது காற்றடிக்கும் பம்பைப் பற்றிப் பேசத்தான். போன வாரம் இரவல் வாங்கிப் போனவர், அதன் மூடி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, அதில் தன் தப்பு எதுவும் இல்லை என்பதை ஐந்து நிமிடமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாடகை ஹெல்மெட்டுகளின் வார்களைத் துடைத்தபடி ‘உம்’ கொட்டினாள்.

“அது கெடக்கட்டும். இன்னிக்கு மேல யாரும் போயிருக்காங்களாம்மா?”

“எட்டுப் பேரு. எங்க நாத்தனார்தான் கூட்டிட்டுப் போயிருக்கா. கணவாய் ஏறி எறங்கி, வாய்க்கா ஓரமா உங்க அணைக்குத்தான் வருவாங்க. டீ போட்டு வைங்க.”

“வாய்க்கா ஓரமாவா? அதுதான் பாதியில அத்துக்கிட்டுக் கெடக்கே. பனி உருகுனதுலேர்ந்து அப்படித்தான் இருக்கு. நீங்க நேர்ல போயிட்டு வந்துதானே கோடு போட்டீங்க? சரிஞ்ச எடத்துக்கு ஏதோ மாத்து வழி பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“ஆமா, பாத்தேன்” என்றாள். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது.

அந்த வாடகை சைக்கிள் கடைக்கு மூன்று பேர்தான் முதலாளி, மூன்று பேர்தான் வேலையாள். கணவன் சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவான். அவன் தங்கை ஆட்களை மலைக்குக் கூட்டிப்போவாள். வழி போடுவது இவள் பொறுப்பு. தார் ரோட்டில் வேகம் பார்க்கிறவர்களோ, பாறையில் குதிக்கிறவர்களோ இங்கே வருவதில்லை. சரளைக்கல் பாதையில் நாள் முழுக்க மெதுவாக மிதித்து, மாட்டுக் கொட்டகைகளையும் பனி மூடிய சிகரங்களையும் பார்த்துக்கொண்டே போக ஆசைப்படுகிறவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்காக, காட்டிலாகா போட்ட சாலை, மேய்ச்சல் தடம், பழைய சுரங்கப் பாதை என்று துண்டு துண்டாகக் கிடப்பதை இவள் ஒட்டுப்போட்டு ஒரே வழியாக்குவாள். சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிய சின்ன ஜி.பி.எஸ். கருவி போன இடமெல்லாம் கோடு இழுத்துக்கொண்டே வரும். அந்தக் கோட்டைத்தான் வருகிறவர்களின் கருவிகளில் ஏற்றிக் கொடுப்பார்கள். கடை திறந்த நாளிலிருந்து ஒரே ஒரு கட்டுப்பாடு: தன் சக்கரம் உருளாத இடத்தில் கோடு இருக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

ஏப்ரலில் இந்தப் புது வழியை எடுக்கப் போனபோது, வெயில் படாத வாய்க்கால் பாதையின் வாசலிலேயே முழங்கால் வரை பனி. கால் நனைந்து, மூக்கு ஒழுகி, போதும் சாமி என்று திரும்பிவிட்டாள். மிச்சம் மூன்று கிலோமீட்டரை வீட்டில் சூடாக உட்கார்ந்து, வரைபடத்தில் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து இழுத்து முடித்தாள். ஜூனில் போய் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தாள். ஜூனில் கூட்டம் அலைமோதியது. ‘புது வழி முழுசா ஓட்டியாச்சா?’ என்று கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டபோது, தலையாட்டிவிட்டாள். தலையாட்டுவதற்கு என்ன, கழுத்து சும்மா இருக்கிறது.

இப்போது மணி பத்தரை. நாத்தனாருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கணவாயைத் தாண்டினால் எப்போதும் அப்படித்தான். காவலாளியைத் திருப்பிக் கூப்பிட்டாள், மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. கணவனோ வேனை எடுத்துக்கொண்டு கீழே டவுனுக்கு டயர் வாங்கப் போயிருந்தான். பதினொன்றுக்கு அவர்கள் வாய்க்கால் பாதைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஏறக்குறையச் சமதளமான பாதை, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். கணவாய் ஏறிக் களைத்தவர்களுக்கு அங்கே குஷி பிறக்கும், வேகம் பிடிப்பார்கள். காலையில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர், சீட்டை உயர்த்திக் கொடுத்தபோது, “பாதை பயமா இருக்காதே?” என்று கேட்டிருந்தார். “கண்ண மூடிட்டுப் போலாம்” என்று இவள்தான் சொன்னாள். அது ஞாபகம் வந்ததும் துடைத்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினாள்.

மோட்டார் வைத்த வாடகை சைக்கிள்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. வியர்க்காமல் ஏறுவது ஒரு ஏற்றமா என்று கிண்டல் செய்வாள். இன்று அதில் ஒன்றை இழுத்து, கடையைப் பூட்டக்கூட நிற்காமல் கிளம்பினாள். அணை வரை எட்டு கிலோமீட்டர் தார் ரோடு. மோட்டார் பாதி வேலையைச் செய்தது, மீதியைப் பயம் செய்தது. ‘நாத்தனாருக்குக் காலில் சுளுக்கு வரட்டும், யாருக்காவது டயர் வெடிக்கட்டும், எல்லாருக்கும் வயிறு கெட்டுப்போகட்டும்’ என்று வழிநெடுக நல்ல மனசோடு வேண்டிக்கொண்டு போனாள்.

அணையில் காவலாளி பம்பைத் தூக்கிக் காட்டினார். அவள் நிற்கவில்லை. வாய்க்கால் பாதைக்குள் அந்தக் கோடியிலிருந்து நுழைந்தாள். தான் போட்ட பாதையில் முதன்முதலாகப் போகிறோம் என்பது உறைத்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு கிலோமீட்டர் ஒழுங்காகவே இருந்தது. பிறகு ஒரு பாறை முனையைச் சுற்றி வளைந்ததும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். பாதை இல்லை. மூன்று வீட்டு அகலத்துக்கு மலையே வழுக்கி இறங்கி, மண்ணும் கல்லுமாகக் கீழே ஓடை வரை போயிருந்தது. அறுந்த வாய்க்காலின் தண்ணீர் அதன்மேல் விசிறிக்கொண்டு வழிந்தது. எதிர்க்கரையிலும் இதேபோல் ஒரு வளைவு. அதைத் திரும்புகிறவனுக்குப் பள்ளம் தெரியும்போது சக்கரம் அதில் இறங்கியிருக்கும்.

மணி பதினொன்று இருபது. எதிரே யாரும் இல்லை. கீழே எட்டிப் பார்த்தாள். ஓடைக்குப் பக்கத்தில், கற்களுக்கு நடுவே, மஞ்சளாக ஏதோ கிடந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி பார்க்கத் தைரியம் இல்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பார்த்தாள். காற்றடித்தபோது அந்த மஞ்சள் உப்பி, பிறகு சப்பென்று படுத்தது. தார்ப்பாய். அணைக்காரர்கள் எதையோ மூடி வைத்திருந்த கிழிந்த தார்ப்பாய். அதைப் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிட்டதை அன்று யாரும் பார்க்கவில்லை.

“அண்ணீ! அங்கயே இருங்க! முன்னால வராதீங்க!”

எதிர்க்கரை வளைவில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் இல்லை, ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தாள். நடந்து வந்திருக்கிறாள். அவளுடைய வெயிலில் கறுத்த மூக்கையும், எப்போதும் குறை கண்டுபிடிக்கிற அந்த முகத்தையும் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று இவள் கல்யாணமான இத்தனை வருஷத்தில் நினைத்ததே இல்லை.

“அவங்கெல்லாம் எங்க?”

“பின்னால, மாடு தடுக்கப் போட்ட கேட்டுகிட்ட உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருக்காங்க! எட்டு பேரும் நல்லா இருக்காங்க! நான் மட்டும் பாக்கலாம்னு நடந்து வந்தேன்!”

போன உயிர் திரும்பி வரும்போது கண் வழியாகத்தான் வரும் போலிருக்கிறது. அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்தாள். இடையில் அத்தனை அகலப் பள்ளமும் தண்ணீர்ச் சத்தமும் இருந்ததால், சொல்ல வேண்டியதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெல்ல முணுமுணுத்துத் தப்பிக்க வழியில்லை.

“நான் இதுல வரவே இல்ல! ஓட்டிப் பாக்கல! வீட்ல உக்காந்து கோடு போட்டேன்!”

“தெரியும்!”

“என்ன?”

“தெரியும்னேன்! கேட்டுகிட்ட வந்து கருவியப் பெருசு பண்ணிப் பாத்தேன்! உங்க கோடா அது? நீங்க ஓட்டின கோடுன்னா அரை கிலோமீட்டருக்கு ஒரு சிக்கல் இருக்கும்! நின்னு மூச்சு வாங்குவீங்க, தண்ணி குடிப்பீங்க, பூவப் பாப்பீங்க, கோடு அங்கயே சுத்திச் சுத்தி நூல்கண்டு மாதிரி ஆயிருக்கும்! இது மூணு கிலோமீட்டரும் எண்ணெ தடவி வாரிவிட்ட மாதிரி இருந்துச்சு! நம்ம அண்ணி நிக்காம மூணு கிலோமீட்டர் போனாங்களா, நம்ப மாட்டேனேன்னு எறங்கிட்டேன்!”

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். இன்று அவள் சிரித்தாள். அழுகையோடு கலந்து விக்கல்போல வந்தது. எதிர்க்கரையில் நாத்தனாரும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்ததைப் பார்த்தார்கள். நாத்தனார் முகத்திலிருந்த சிரிப்பு முதலில் போயிற்று.

“அந்த மஞ்ச சட்ட இருக்காரே, அவருதான் முன்னால ஓடிட்டு இருந்தாரு. கேட்டுலயே புடிச்சு நிறுத்தினேன்.”

கத்தாமல்தான் சொன்னாள். ஆனாலும் இவளுக்குக் கேட்டது.

“அண்ணன்கிட்ட யாரு சொல்றது?” என்றாள் நாத்தனார், மறுபடி குரலை உயர்த்தி.

“நானே சொல்றேன். சாயங்காலம் அவங்க எட்டு பேர்கிட்டயும் சொல்றேன்.”

“அவங்ககிட்ட வேணாம் அண்ணி. பாதை அடச்சிருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்.”

“இல்ல. சொல்லணும். மஞ்ச சட்டக்காரரு என்னையக் கேட்டுட்டுத்தான் போனாரு.”

நாத்தனார் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து வாரை மாட்டினாள். வந்த வழியே கணவாய்க்கு ஏறித்தான் திரும்ப வேண்டும், கடைக்கு வந்து சேர நாலு மணியாகும் என்றாள். ஏற்றத்தில் எல்லாரும் உங்களைத்தான் திட்டுவார்கள், முதல் ஆளாக நான் திட்டுவேன் என்றும் சொன்னாள். பிறகு வளைவில் மறைந்துவிட்டாள்.

இவள் போகவில்லை. பாறை முனையில் சாய்ந்து நின்றால் எதிர்மலையின் கொண்டை ஊசி வளைவுகள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. வெகுநேரம் வெறும் சரளைப் பாதைதான் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு முதல் வளைவில் ஒரு புள்ளி வந்தது. அடுத்து இரண்டு. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவள் விரல் மடக்கி எண்ணினாள், நாத்தனாரோடு சேர்த்து ஒன்பது வர வேண்டும். ஆறு, ஏழு. எட்டாவதாக ஒருவர் வந்தார். அதற்குப் பின் பாதை காலியாக இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்தின் மறைவிலிருந்து, எல்லாருக்கும் கடைசியாக, மஞ்சளாக ஒன்று மெல்ல அசைந்து வெயிலுக்கு வந்தது.