நீ என்று சொல்லக் கூடாது

சுந்தரம்மாளுக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. முழங்கால் போட வந்தது, கண்ணை மூட வந்தது, முடிவில் ஆமென் சொல்லவும் வந்தது. நடுவில் பேசத்தான் வரவில்லை.

வாடிப்பட்டிக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையை ஒட்டிய அந்தச் சேரியில் பாதிக் குடும்பங்கள் அந்த வருஷம் கிறிஸ்தவ வேதத்தில் சேருவதென்று முடிவு செய்திருந்தன. முந்தின கோடையில் வந்த வாந்திபேதி வீட்டுக்கு ஒருவரையாவது கொண்டுதான் போயிருந்தது. காளி கைவிட்டுவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். சுந்தரம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் ஆண்டிச்சாமி சேருவோம் என்றான், சரி என்றாள். வேண்டாம் என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மகள் தங்கப்பொண்ணு அந்தப் பேதியில் போனதிலிருந்து அப்படித்தான் இருந்தாள். நாற்று நட்டாள், களை எடுத்தாள், கஞ்சி காய்ச்சினாள். அழவில்லை. அழாதவளைப் பார்த்துப் பெண்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் கல்நெஞ்சுக்காரி என்றார்கள், அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள். ஊருக்கு வேறு வேலை இல்லையா என்ன.

ஜெபம் சொல்லிக் கொடுக்க வந்தவர் உபதேசியார் வேதமாணிக்கம். மதுரையில் படிப்பை முடித்த கையோடு வந்தவர். மீசை இன்னும் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தாய் வயதுப் பெண்களுக்குக் கடவுளிடம் எப்படிப் பேசுவதென்று சொல்லிக் கொடுக்கிற சங்கடம் அவருக்கு. ஆனாலும் நல்ல மனசுக்காரர். சாயங்காலம் கூரைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, மனப்பாடமாக ஒப்பிப்பது மட்டும் போதாது, அவரவர் சொந்த வாயால் நாலு வார்த்தை ஜெபிக்கப் பழக வேண்டும் என்றார். போதகர் ஐயா வந்து கேட்பாராம். புருஷன் பெண்சாதியில் ஒருவர் சொல்லாவிட்டாலும் இருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாதாம்.

ஆமென் என்றால் என்ன என்று கூட்டத்திலிருந்து முத்திருளன் கேட்டான்.

"சொன்னது மெய்ன்னு அர்த்தம். ஒருத்தர் ஜெபிச்சு முடிச்சா, அது மெய்தான்னு கேட்டவங்க ஒத்துக்கிறது" என்றார் உபதேசியார்.

சுந்தரம்மாளின் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு "நீ" என்று தொடங்கினாள். உபதேசியார் பதறிப்போனார்.

"அம்மா, ஆண்டவரை நீன்னு சொல்லக் கூடாது. நீர்னு சொல்லணும்."

அந்தச் சேரியில் யாரும் யாரையும் நீர் என்று சொன்னதில்லை. மேலே இருக்கிற மனிதர் என்றால் சாமி. கீழே இருக்கிறவர் என்று அவர்களுக்கு யாரும் கிடையாது. தெய்வம் என்றால் நீதான். காளிக்கு அடியே கூட உண்டு. மழை பொய்த்தால் அவள் கோயில் வாசலில் நின்று, கண் அவிந்து போச்சா என்று கேட்டு மண்ணை வாரித் தூற்றலாம், அவளும் வாங்கிக்கொள்வாள். மரியாதை பார்க்கிற கடவுள் இப்போதுதான் அந்தப் பக்கம் வந்திருந்தார்.

மரியாதை என்றதும் சுந்தரம்மாளின் கை தானாக வாய்க்குப் போனது. பண்ணையார் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்படியே பொத்திக்கொண்டு, "சித்தம் சாமி" என்றாள். அதற்கு மேல் பண்ணையாரிடம் அவள் எதுவும் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த ராமக்காள் சிரித்துவிட்டாள். உபதேசியார் சிரிக்கவில்லை, கையை எடுங்கள் அம்மா என்றார். எடுத்தாள். ஆனால் கையோடு பேச்சும் போய்விட்டது. மறுநாளும் அதே கதைதான், அதற்கு மறுநாளும்.

ஆண்டிச்சாமி கோபப்படவில்லை. வீடு திரும்பும்போது வரப்பில் முன்னால் நடந்தபடி சொன்னான்.

"வேதத்துல சேந்தா, செத்து அங்கிட்டுப் போனப்புறம் புள்ளையப் பாக்கலாமாம். உபதேசியார்ட்டக் கேட்டேன். நாலு வார்த்த சொல்லிரு புள்ள."

பார்க்க ஆசையாக இருக்கிறதா என்று சுந்தரம்மாள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். மரத்துப்போன காலை மிதித்தால் யாருடைய காலோ என்றிருக்குமே, அப்படி இருந்தது.

தங்கப்பொண்ணு கடைசிப் பகல் முழுக்கத் தண்ணீர் கேட்டாள். பேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று ஊரே நம்பியது. "குடுக்காத புள்ள" என்று சொல்லி, ஆண்டிச்சாமி பானையைத் தூக்கி வெளியே வைத்தான். பொழுது சாய்வதற்குள் கேட்பது நின்றுவிட்டது. பிறகு வந்த உபதேசியார், பேதிக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கொடுக்காமல்தான் பாதிப் பேர் போகிறார்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். இனிமேலாவது பிழைக்கட்டுமே என்று நல்லதற்குத்தான் சொன்னார். புருஷனும் பெண்சாதியும் அடுத்தடுத்து உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை.

போதகர் வந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தைச் சாணம் போட்டு மெழுகியிருந்தார்கள். மேசை மேல் பித்தளைக் கிண்ணத்தில் ஞானஸ்நானத்துக்கான தண்ணீர் இருந்தது. முத்திருளன் தடுமாறிச் சொல்லி முடித்தான். ராமக்காள் சரளமாக ஜெபித்து, போகிற போக்கில் சினைப்பசுவுக்கும் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள். எல்லாவற்றுக்கும் கூட்டம் ஆமென் போட்டது.

சுந்தரம்மாள் முழங்கால் போட்டாள். கண்ணை மூடுவதற்கு முன் கிண்ணம் கண்ணில் பட்டது. கை வாய்க்குப் போனது.

"நீர்" என்றாள். நின்றுவிட்டாள்.

உபதேசியார் அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தார், நீர் பெரியவர் என்று சொல்லச் சொல்லி. பெண்கள் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு அவள் கை வாயிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது.

"நீ அன்னிக்கு எங்க இருந்த?" என்றாள்.

குரல் உயரவில்லை. வேலைக்கு வராத ஆளை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எம்புள்ள தண்ணி கேட்டா. பகல் பூராம் கேட்டா. குடுக்கக் கூடாதுன்னாக. நானும் குடுக்கல. இப்ப, குடுத்திருக்கணும்ங்கிறாக. எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீ. அம்புட்டுத்தான்."

உபதேசியார் திருத்தவில்லை. போதகர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. யாரும் ஆமென் சொல்லவும் இல்லை. இதற்கெல்லாம் சொல்லலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் எப்படி எழுந்திருப்பது என்று சுந்தரம்மாளுக்கும் தெரியவில்லை. முழங்காலிலேயே இருந்தாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பாதியில் அறுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடுக்காத புள்ள என்று சொன்ன குரல் அவளுக்குத் தெரியாதா. ஆண்டிச்சாமி செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னான்.

"ஆமென்."